மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு கெட்டில்

குழந்தையின் விரல்கள் முதன்முதலாக ஒரு பென்சிலைப் பற்றும் அந்தக் கணத்தில், மனித நாகரிகம் மீண்டும் ஒருமுறை பிறக்கிறது.

இது ஆய்வாளர் எழுதிய அறிக்கையின் முதல் வாக்கியம். இதற்கு முன் பதினொரு கட்டுரைகளுக்கும் முதல் வாக்கியமாக இருந்து நன்றாக உழைத்த வாக்கியம். அவருடைய சொந்த மகளின் விரல்கள் பென்சிலைப் பற்றியபோது பிறந்த நாகரிகம், கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடியது. அன்று சாயங்காலமே ஆள் வைத்து வெள்ளையடித்துவிட்டார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவர் விரிவுரையாளர். பிள்ளைகள் எப்படிப் படம் வரைகிறார்கள், வயது ஏற ஏற அது எப்படி மாறுகிறது என்பது அவருடைய துறை. பன்னிரண்டு வருட உழைப்பில் 'முப்பத்தாறு கூறு அட்டவணை' என்று ஒன்றை உருவாக்கியிருந்தார். பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு கெட்டிலை வைத்து வரையச் சொல்ல வேண்டியது. பிறகு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மூடி இருக்கிறதா, ஒரு டிக். மூடியின் மேல் குமிழ் இருக்கிறதா, இன்னொரு டிக். மூக்கு, மூக்கின் வாய், கைப்பிடி, கைப்பிடி உடம்போடு சேரும் இடம் என்று முப்பத்தாறு வரை போக வேண்டியது. ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் குறைந்தது இருபத்து நாலு டிக் வாங்கியாக வேண்டும். இதனால் கல்லூரி மாணவர்கள் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. கோபித்துக்கொள்வதாகக் காட்டிக்கொண்டாரே தவிர, உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போயிருந்தார்.

இந்தத் தடவை எட்டுப் பள்ளிக்கூடங்கள், ஆயிரத்து இருநூற்று நாற்பது படங்கள். விதிமுறை படு கறார். ரப்பர் கூடாது. தாளில் பெயர் கூடாது, எண் மட்டும். பிள்ளையின் வயது, அப்பா அம்மா என்ன வேலை, எந்தக் கையால் எழுதும், காலையில் சாப்பிட்டுவிட்டு வந்ததா, வீட்டில் எத்தனை பேர் என்று ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எல்லாப் படங்களையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, இரண்டு பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டும். அந்த இருவரும் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு படங்களில் ஒத்துப்போனார்கள். "கல்யாணமாகி இருபது வருஷம் ஆன தம்பதிகள்கிட்டகூட இவ்வளவு ஒத்துமை கிடையாது" என்று கருத்தரங்குகளில் சொல்வார். அரங்கமே சிரிக்கும். ஒரு தடவை அவர் மனைவியும் அரங்கத்தில் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

ஏழு பள்ளிக்கூடங்களின் நாலாம் வகுப்புகள் சராசரியில் இருபத்து நாலுக்கும் இருபத்தாறுக்கும் நடுவில் சமர்த்தாக வந்து நின்றன. எட்டாவது பள்ளிக்கூடம் பதினொன்று வாங்கியது. ஒரு படத்தில் மூக்கு இல்லை. ஒன்றில் கைப்பிடி இல்லை. ஒன்றில் கறுப்பாக ஒரு புதர், அதன் விளிம்பில் மூடியில் பாதி. ஒன்றில் கெட்டிலே இல்லை, வெறும் நாற்காலி. மதிப்பெண் போட்டவர்கள் அதற்குப் பூஜ்யம் போட்டு, ஓரத்தில் 'கவனச் சிதறல்' என்று குறிப்பும் எழுதியிருந்தார்கள். ஆய்வாளர் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, 'காட்சிப் புலன் வளர்ச்சியில் தீவிரப் பின்னடைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் குழு எதையும் சீக்கிரம் படிக்காத குழு. இதை மட்டும் ஒரே மூச்சில் படித்தது. வாரத்துக்கு இரண்டு டிராயிங் பீரியடை வைத்து இத்தனை வருடமாகச் சாதித்தது பின்னடைவுதான் என்று விஞ்ஞானமே சொன்ன பிறகு என்ன யோசனை? அந்த இரண்டையும் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடலாம். டிராயிங் டீச்சர் நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போடட்டும். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தீர்மானம். சிறப்பு விருந்தினர், ஆய்வாளர்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு போன் வந்தது.

"சார், பதினொண்ணு மார்க் வாங்கின ஸ்கூலோட டிராயிங் டீச்சர் பேசுறேன்."

ஆய்வாளர் உடனே ஆறுதல் குரலுக்கு மாறினார். "மனசை விட்டுடாதீங்கம்மா. இது உங்க தனிப்பட்ட குறை இல்ல. சூழல்னு ஒண்ணு இருக்கு."

"அந்தச் சூழலைத்தான் சார் வந்து ஒரு தடவை பாருங்கன்னு சொல்றேன். நாளைக்கு மூணாவது பீரியட். அப்பதான் கெட்டில் சும்மா இருக்கும். பத்தே முக்காலுக்கு ஆபீஸ்ல டீ, திரும்ப பன்னெண்டுக்கு ஒரு டீ. நடுவுல நாப்பது நிமிஷம் எங்களுக்கு."

அவர் போனார். பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஒரு வகுப்பு நடக்கும்போது அதற்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. எப்போதும் கல்லூரி மாணவர்கள் போய்ப் படங்களை வாங்கி வந்துவிடுவார்கள். எங்கே தவறு என்று டீச்சருக்குப் பக்குவமாகக் காட்டலாம் என்று அந்த வகுப்பின் நாற்பத்திரண்டு படங்களையும் பையில் எடுத்துக்கொண்டார்.

தாழ்வாரத்தின் கடைசி அறை. பாதி அறையை உடைந்த மேசைகள் கூரைவரை பிடித்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் பதினாலு பெஞ்சுகளை வரிசையாகப் போட இடம் இல்லாததால், நடுவில் ஒரு நாற்காலியும், அதைச் சுற்றி நாலு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு பெஞ்சுகளுமாகக் கிடந்தன. பெஞ்சுக்கு மூன்று பேர். நாற்காலியின் மேல் கெட்டில். அலுமினியக் கெட்டில், ஜன்னல் பக்கம் ஒரு நசுங்கல். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் கெட்டில் உட்கார்ந்திருந்ததால் விருந்தினர் உட்கார இடமில்லை.

"சில்லு, கொஞ்சம் தள்ளிக்கோடா கண்ணு. சார் உக்காரட்டும்" என்றார் டிராயிங் டீச்சர். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, காதில் ஒரு பென்சிலைச் சொருகியிருந்தார்.

சில்லு என்பது மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பொடிப் பெண். ஆய்வாளர் முழங்கால்களை மடக்கி, பெஞ்சுக்குள் தன்னை எப்படியோ திணித்துக்கொண்டார். சில்லு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வரைவதைத் தொடர்ந்தாள். தாளில் பெரிய கறுப்புப் புதர். அதன் மேல் விளிம்பில் ஒரு மூடித் துண்டு. ஓரமாகக் கைப்பிடியின் வளைவு. பையில் இருப்பதில் ஒன்றை அப்படியே பார்த்த மாதிரி இருந்தது.

"ஏம்மா, கெட்டிலுக்கு மூக்கு போடலையே?"

"அது காடு தலைக்குப் பின்னாடி இருக்கு சார்."

"எந்தக் காடு?"

சில்லு பென்சிலால் முன் பெஞ்சைக் காட்டினாள். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய்க்கும் சீப்புக்கும் அடங்காத முடி, தோளுக்கு இரண்டு பக்கமும் பொங்கி நின்றது.

"அவ தலையை எதுக்கும்மா போட்டிருக்க? கெட்டிலைத்தான போடச் சொன்னாங்க?"

"தலை இருக்கே சார்!" சில்லுவின் குரலில் பெரியவர்களிடம் காட்ட வேண்டிய பொறுமை இருந்தது. "நீங்க ரொம்ப உசரம். குனிங்க. இன்னும் குனியணும். என் அளவுக்கு வாங்க."

ஆய்வாளர் குனிந்தார். இடுப்பில் ஏதோ ஒன்று எச்சரித்தது. பெஞ்சின் மட்டத்துக்குக் கன்னம் வந்ததும் கெட்டில் காணாமல் போயிற்று. கண்ணுக்கு முன்னால் காடு. அதன் மேல் விளிம்பில் ஒரு மூடித் துண்டு. ஓரத்தில் கைப்பிடியின் வளைவு.

தாளைப் பார்த்தார். முன்னால் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். முடியின் ஓரத்தில் வெளிச்சம் பட்டுத் தனித்தனியாகப் பிரிந்து நின்ற மூன்று இழைகள்கூட அங்கே இருந்தன.

முன் பெஞ்சிலிருந்து காடு திரும்பாமலே சொன்னாள்: "டீச்சர், இந்த சில்லு எப்பப் பாத்தாலும் என் தலையத்தான் போடுறா. கெட்டில் டெஸ்டுல நான் எதுக்கு வரணும்?"

"நீ எந்திரிச்சுப் போனா நான் கெட்டிலைப் போடுவேன்."

"போகமாட்டேன்."

"அப்ப தலைதான்."

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டுக் கையை ஓட்டுங்க" என்றார் டீச்சர். "பியூன் அண்ணன் வர்ற நேரமாச்சு."

ஆய்வாளர் பெஞ்சிலிருந்து நிமிர்ந்தபோது அவருக்கு வியர்த்திருந்தது. பையைத் திறந்தார். நாற்பத்திரண்டு படங்கள், எண் மட்டும் போட்டவை. "இதுல எது யாரோடதுன்னு..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள். "இது என்னோடது!" "ஐய, அது அவனோடது, அவன்தான் அடியில நிழல் போடுவான்!" "என்னோடத கசக்கிட்டாங்க டீச்சர்!" மூன்று மாதம் கட்டிக்காத்த ரகசிய எண்கள் இரண்டு நிமிடத்தில் அம்பலமாகிவிட்டன.

"அவங்கவங்க எடத்துல வச்சுட்டுத் தள்ளி நில்லுங்க" என்றார் டீச்சர்.

வைத்தார்கள். ஆய்வாளர் நாற்காலியைச் சுற்றி நடந்தார். வாசல் பக்கப் பெஞ்சில் கெட்டிலின் மூக்கு நேராக அவரையே பார்த்தது. அடுத்த படத்தில் கொஞ்சம் திரும்பியது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஜன்னல் பக்கம் வந்ததும் நசுங்கல் எட்டிப் பார்த்து, ஒன்பது படங்களில் வளர்ந்து தேய்ந்து, பத்தாவதில் மறைந்தது. அந்தக் கோடியில் கைப்பிடி மட்டும். பிறகு மறுபக்கமாக மூக்கின் நுனி துளிர்த்தது. பின்வரிசைகளில் முன்வரிசைத் தலைகள், ஒரு காது, ஒரு ரிப்பன், ஒரு தோள், அவற்றின் இடுக்கில் கெட்டில். நாற்பத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு கெட்டிலை முழுச் சுற்றுச் சுற்றி வந்திருந்தார்கள். ஒருவர்கூடத் தன் கண்ணுக்குப் படாத ஒன்றைச் சேர்க்கவில்லை. பெரிய பெரிய ஆட்கள் வருடக்கணக்கில் தவம் கிடந்தும் கைக்கு வராத நேர்மை அது. ஒன்பது வயதில், ரப்பர் இல்லாமல், டீ வேளைக்குள் செய்து முடித்திருந்தார்கள்.

தன்னுடைய விதிமுறை ஒவ்வொன்றாக அவர் நினைவுக்கு வந்தது. காலையில் சாப்பிட்டதா என்று கேட்டிருந்தார். எந்தக் கை என்று கேட்டிருந்தார். பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

"இந்த நாற்காலி?" என்று கெட்டில் இல்லாத படத்தைக் காட்டினார்.

சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பையன் கை தூக்கினான். "நான் கால்லேருந்து ஆரம்பிச்சேன் சார். மேல வர்றதுக்குள்ள பியூன் அண்ணன் கெட்டிலை எடுத்துட்டுப் போயிட்டாரு."

ஆய்வாளர் அந்த நாற்காலிப் படத்தை வெகுநேரம் பார்த்தார். நாலு கால்களும் தரையில் நின்றன. ஒரு காலுக்கு அடியில் ஆட்டம் நிற்க மடித்து வைத்த காகிதம் இருந்தது. நிஜ நாற்காலியைக் குனிந்து பார்த்தார். இருந்தது.

"டீச்சர், இது ஒரு மகத்தான அணுகுமுறை! இதுக்குப் பின்னாடி இருக்கிற கோட்பாடு என்ன?"

"கோட்பாடெல்லாம் இல்ல சார். எடம் பத்தல. நாப்பத்தி ரெண்டு பேரையும் முன்னாடி உக்கார வைக்க முடியுமா? போர்டுல ஒரு கெட்டிலைப் போட்டுக் காட்டினா எல்லாம் மனப்பாடம் பண்ணிடும், இன்னிக்கு வச்ச கெட்டிலைத் திரும்பிக்கூடப் பாக்காது. அதான், இருக்கிற எடத்துலேருந்து என்ன கண்ணுல படுதோ அதைப் போடுங்கன்னேன். முத வருஷம் ஒரே அழுகை. எனக்கு மூக்கு வரல, எனக்குக் கைப்பிடி வரலன்னு. இப்பப் பழகிடுச்சு." டீச்சர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நான் அட்டை போடப் போயிடுவேன். அதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் இதையெல்லாம் எடத்துல வச்சுப் பாக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான் சார்."

கதவருகே பியூன் வந்து நின்றார். "டீச்சர், கெட்டில்."

சாயங்காலம் ஆய்வாளர் நடந்ததை மனைவியிடம் சொன்னார். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வந்து, கால்களைச் சூடான தண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பன்னெண்டு வருஷமா பிள்ளைங்க படத்தையே பாக்குறீங்க. ஒரு பிள்ளை பக்கத்துல உக்காந்து பாக்க இன்னிக்குத்தான் நேரம் வந்துச்சா?"

"விதிமுறைப்படி ஆய்வாளர் விலகி இருக்கணும்."

"நல்லாத்தான் விலகி இருந்திருக்கீங்க. சரி, வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போறீங்க? தப்புன்னு சொல்லிடுவீங்கதான?"

"தப்புன்னு எடுத்த எடுப்புல சொல்ல முடியாது. பன்னெண்டு வருஷம். பதினோரு கட்டுரை. 'அட்டவணையின் வரம்பு'ன்னு சொல்லலாம். 'சூழல் சார்ந்த மறைப்பு விளைவு'ன்னு ஒரு பேரு வச்சு..."

"எங்க டாக்டருங்களும் அப்படித்தான். வலது காலுக்குப் பதிலா இடது காலுக்குக் கட்டுப் போட்டுட்டு, அதுக்கு ஒரு பேரு வைப்பாங்க." அவள் துண்டை எடுத்துக் கால்களைத் துடைத்துக்கொண்டாள். "அந்த டீச்சருக்கு உங்க பேரு வேணாம். பீரியடு வேணும்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. கூட்ட அறையில் நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு வெள்ளைத் தாள், பென்சில். தலைவரும் உறுப்பினர்கள் ஐந்து பேரும், எச்.எம். அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வாளர் விட்டுவிட்டுப் போன நாற்பத்திரண்டு படங்களையும் அணைத்துக்கொண்டு டிராயிங் டீச்சர் கதவோரமாக நின்றார். கலைகள் மனிதனின் ஆன்மாவைச் செதுக்குகின்றன என்று தலைவர் பத்து நிமிடம் பேசினார். பிறகு, ஆன்மாவைச் செதுக்க நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குக் கணக்குதான் அவசரம் என்று முடித்தார்.

"சார் விஞ்ஞான ரீதியா நிரூபிச்சுட்டாரு. பதினொண்ணு! சார் ரெண்டு வார்த்தை சொன்னா தீர்மானத்துல கையெழுத்துப் போட்டுடலாம்."

ஆய்வாளர் எழுந்தார். சட்டைப்பையில் மூன்று பக்கம் இருந்தது. 'வரம்பு' அதில் ஒன்பது இடத்தில் வந்தது. அந்த நேரத்தில் பியூன் டீயோடு உள்ளே வந்து, கெட்டிலை மேசையின் நடுவில் வைத்தார். ஆய்வாளரின் கை சட்டைப்பைக்குப் போகாமல் நின்றது.

"டீயை ஊத்தாதீங்க. கெட்டில் அப்படியே இருக்கட்டும். எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம் இந்தக் கெட்டிலை வரைங்க."

"நாங்களா?" என்றார் தலைவர்.

"அட்டவணையை நீங்களும் ஒரு தடவை அனுபவிச்சுப் பாக்கணும்ல?"

விஞ்ஞானம் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? வரைந்தார்கள். பக்கத்து ஆள் பார்த்துவிடாதபடி தலைவர் முழங்கையால் தாளை மறைத்துக்கொண்டார். எச்.எம். அம்மா அடிப்பாகத்துக்கு ஸ்கேல் கேட்டார். ஒரு உறுப்பினர் ரப்பர் கேட்டு, இல்லை என்றதும் நியாயம் இல்லை என்றார். மற்றவர்கள் வரையும்போது சும்மா இருப்பது மரியாதையாகப் படாததால், ஆய்வாளரும் மேசையின் கோடியில் உட்கார்ந்து தன் பங்குக்கு ஒன்றை வரைந்து வைத்தார்.

டீச்சர் தாள்களை அவரவர் இடத்துக்கு முன்னால் திருப்பி வைத்தார். மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், கோடியிலும் நடுவிலும், எல்லாம் ஒரே கெட்டில். இடது பக்கம் கைப்பிடி, வலது பக்கம் மூக்கு, பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே.

"ஐயா," என்று ஆய்வாளர் தலைவரிடம் கேட்டார், "உங்க எடத்துலேருந்து மூக்கு கண்ணுல படுதா?"

தலைவர் எட்டிப் பார்த்தார். "அது அந்தப் பக்கம் இருக்கு."

"அப்புறம் எப்படிப் போட்டீங்க?"

"கெட்டில்னா மூக்கு இருக்கும்ல! இல்லாம டீ எப்படி வரும்?"

"என் அட்டவணைப்படி உங்களுக்கு முப்பத்தொண்ணு." ஆய்வாளர் டீச்சர் கையிலிருந்த படங்களில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இந்தப் பொண்ணுக்கு ஒன்பது. இவ உக்காந்த எடத்துலேருந்து என்ன இருந்துச்சோ அதைப் போட்டிருக்கா, முடி இழை உட்பட." பிறகு மீதி நாற்பத்தொன்றையும் டீச்சரும் அவருமாகத் தரையில் வட்டமாக விரித்தார்கள். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நடந்தார்கள். இரண்டாவது சுற்றும் நடந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தப் பதினொண்ணு?" என்று எச்.எம். அம்மா மெதுவாகக் கேட்டார்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். வரம்பு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. டீச்சர் தரையில் மண்டியிட்டு, காற்றில் புரண்ட ஒரு படத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"பிள்ளைங்க சரி. அட்டவணை தப்பு" என்றார் ஆய்வாளர். "அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

பன்னிரண்டு வருடம் கட்டிய கட்டடத்தை ஒரு மனிதர் தன் கையாலேயே, அதுவும் காலை பதினொன்றே முக்காலுக்கு, ஏழு பேர் முன்னால் இடித்தார். சும்மா சொல்லக் கூடாது, அதற்கு நெஞ்சுரம் வேண்டும். டீச்சர் மண்டியிட்டபடியே நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

தலைவர் நிலைமையைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். தான் ஆரம்பத்திலிருந்தே ஓவியத்தின் பக்கம்தான் என்றும், அது கூட்டக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு பீரியடும் தப்பின. உடைந்த மேசைகளை அறையிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு உறுப்பினர் முன்மொழிந்தார். வேண்டாம், இருக்கட்டும், நெருக்கம்தான் நல்லது என்று டீச்சர் அவசரமாகத் தடுத்தார். எல்லோரும் ஆறிய டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

டீச்சர் மேசையில் கிடந்த தாள்களைச் சேகரித்துக்கொண்டு வந்தார். கோடியில் இருந்த கடைசித் தாளை எடுத்துப் பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு இரண்டாக மடித்து ஆய்வாளரின் கையில் கொடுத்தார்.

"சார், இது உங்களது."

அவர் உட்கார்ந்திருந்தது கைப்பிடிக்கு நேர் எதிரே. படத்தில் மூக்கு இருந்தது.